ஆழ்மரவியல்: புதுவை வீட்டுத் தொட்டிகளில் கட்டையை மூழ்கடிக்கும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சோழமண்டலக் கரையில் மனிதன் மரத்திடம் காலங்காலமாகக் கேட்டுவந்தது ஒன்றே ஒன்று: மிதந்துகொண்டிரு. வீராம்பட்டினத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட்டது இதற்காகத்தான். தண்ணீர் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் அலை ஏறாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

தீர்ந்த இடத்தில் புதியதொரு குடி தலையெடுத்திருக்கிறது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, நாலு ஏஞ்சல் மீன், ஒரு கோணல் கட்டை ஆகியவை இக்குடியின் சொத்து. இவர்கள் மரத்திடம் கேட்பது நேர் எதிரானது: மூழ்கித் தொலை. முப்பாட்டன் அறிவுக்கு எதிர்த்திசையில் நடக்கும் இப்பெருமுயற்சியை அறிஞர் உலகம் கண்டுகொண்டதில்லை. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இவ்வூரில் ஓலைச்சுவடியும் உலர்தாவரமும் மகரந்தமும் சேர்த்துவருகிறது; மீன்தொட்டிக் கட்டைக்கு அங்கே ஓர் அலமாரிகூடக் கிடையாது. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

2. நூற்பாவும் உரையும்

மிதப்பதும் கசிவதும் பூப்பதும் அமிழ்வதும்
கட்டைக்கு உரிய நிலைநான் காகும்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், தொட்டிக்கு வந்த கட்டை கடந்து செல்லும் பருவங்களைத் தொகுத்து உணர்த்துதல் நுதலிற்று. 'மிதப்பது' முதலில் நின்றது, முதல் நாள் எல்லாக் கட்டையும் அதையே செய்தலான். 'அமிழ்வது' இறுதியில் நின்றது, அதுவரை உரியவர் பொறுமை காப்பதரிது என்பது தோன்ற.

கடா: மரம் ஏன் மிதக்கிறது? விடை: தேக்காயினும் கலியாண முருங்கையாயினும், செல் சுவரை மட்டும் எடுத்தால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், அதாவது தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே மிதப்பது மரமன்று, அதனுள் குடியிருக்கும் காற்று. அதைக் காலிசெய்துவிட்டுத் தண்ணீரைக் குடிவைப்பதே இத்துறையின் சாரம். பழைய வாடகைக்காரரைக் கிளப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு எத்தனை நாளாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

புறனடை: செம்மரத்தின் வைரம் முதல் நாளே மூழ்கும். ஆயினும் அதைத் தொட்டியில் வைக்க முனைபவர் வனத்துறையின் காவலில் வைக்கப்படுவார் ஆதலின், அது விலக்கப்பட்டது.

3. கட்டை தெரிதல்

கட்டை கிடைக்கும் இடம் மூன்று. முதலாவது கடல். வடகிழக்குப் பருவமழையில் சங்கராபரணி இழுத்துவரும் மரங்கள் அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு முகத்துவாரங்களை ஒட்டி ஒதுங்கும். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் வந்த ஃபெஞ்சல் புயலும் இவ்வகையில் தேவைக்கு மேலாகவே வழங்கின. அலையில் உருண்டு மழமழப்பான இக்கட்டைகள் கண்ணுக்கு இனியவை. ஆனால் உள்ளெல்லாம் உப்பு. நன்னீர்த் தொட்டிக்கு ஆக வேண்டுமானால் வாரக்கணக்கில் நீர் மாற்றி மாற்றி ஊறவிட வேண்டும். நக்கிப் பார்த்து உப்பறிவாரும் உளர். அம்முறை இங்கே பதிவு செய்யப்படுகிறது, பரிந்துரைக்கப்படவில்லை.

இரண்டாவது தெரு. மின்துறையினர் கம்பியில் உரசுகிறதென்று கழித்துப்போட்ட கிளைகளுள் கொய்யா தலையாயது: கெட்டியான மரம், முறுக்கேறிய கிளை, எளிதில் உரியும் பட்டை. பச்சைக் கிளை ஆகாது. சாறு வற்றக் காய்ந்து, நகத்தால் அழுத்தினாலும் பதியாததாக இருக்க வேண்டும். அரளி, எருக்கு, கள்ளி அறவே விலக்கு. திருகுகள்ளிப் பாலைக் குட்டையில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்ததால், அதையே அலங்காரமாக வைப்பது விருந்தாளிக்குத் தூக்குக்கயிற்றில் ஊஞ்சல் கட்டுவதாகும். வேப்பங்குச்சி பல்லுக்கு நல்லது. மீன் பல் துலக்குவதில்லை.

மூன்றாவது கடை. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தை போன்ற இடங்களிலிருந்து வரும் 'டிரிஃப்ட்வுட்' எடை போட்டு விற்கப்படுகிறது. விறகுக் கடையில் கோணல் கட்டைக்கு விலை குறையும், இங்கே ஏறும். வேறுபாடு அவ்வளவே.

4. மும்மதங்கள்

ஊறல் மதத்தார் கட்டையைப் பெரிய பக்கெட்டில் அமுக்கி, மேலே கல்லேற்றி, நாலைந்து நாளுக்கொருமுறை நீர் மாற்றிக் காத்திருப்பர். காத்திருப்பு வாரங்களாகலாம், மாதங்களாகலாம். இவர்களின் வேதம் பொறுமை. இவர்களின் எதிரி டெங்கு ஒழிப்புப் பணியாளர். பக்கெட்டை மூடி வைக்காதவர் கொசுவளர்ப்பு என்ற வேறொரு துறைக்குள் புகுந்தவராவார்.

கொதி மதத்தார் ஒன்றிரண்டு மணி நேரம் வேகவைப்பர். கொதிப்பில் காற்று விரிந்து வெளியேறும். பூஞ்சை வித்தும் பூச்சி முட்டையும் அழியும். சாயம் விரைந்து இறங்கும். இம்மதத்தின் மறைபொருள் அடுப்பை அணைத்த பிறகே தொடங்குகிறது. கட்டையை உடனே எடுக்காமல் அந்நீரிலேயே ஆறவிட வேண்டும். உள்ளே எஞ்சிய காற்றும் நீராவியும் குளிர்ந்து சுருங்க, கட்டை தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

இம்மதத்துக்குள்ள பெருந்தடை பாத்திரம். எந்தக் கட்டையும் அந்த வீட்டின் மிகப் பெரிய பாத்திரத்தைவிட நாலு விரல் நீளமாகவே அமையும். ஆகவே தலை வேகும்போது வால் காயும். தவிரவும், பொங்கல் அண்டாவை எடுத்தவர்கள் பின்வரும் வாதத்தைச் சந்தித்தாக வேண்டும்:

"ஏங்க, அண்டாவுல என்ன வேகுது?"

"கொய்யாக் கட்டைம்மா."

"எத்தனை விசில் விடணும்?"

இதற்கு உரையெழுத எந்த உரையாசிரியரும் துணியார்.

மூன்றாமவர் கல்கட்டி மதத்தார். கிரானைட் துண்டொன்றில் கட்டையைத் துருப்பிடிக்காத திருகால் முடுக்கி, அன்றைக்கே தொட்டியில் இறக்கிவிடுவர். கடப்பைக் கல் சுண்ணாம்பு வகை, நீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்பதால் இவர்கள் அதைத் தொடுவதில்லை. மற்ற இரு மதத்தாரும் இவர்களை நாத்திகர் என்பர்.

5. கசிதல்

ஆயி மண்டபம் இவ்வூர் அரசின் சின்னம். முத்தரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது அது. தெளிந்த நீருக்கு மண்டபமே கட்டிய ஊரில், இக்குடியினரின் தொட்டி மட்டும் ஆறிப்போன டீயாகக் காட்சியளிக்கிறது. காரணம் டானின், கடுக்காயிலும் தேயிலையிலும் துவர்ப்பது இக்குடும்பமே. மீனுக்கு இதனால் கேடில்லை. அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோ முழுக்க இந்த நிறத்தில்தான் ஓடுகிறது. கார்டினல் டெட்ராவுக்கு அதுவே தாய்வீடு. டானின் நீரைச் சற்று அமிலமாக்கும், ஆனால் கடினமான போர் தண்ணீரில் அம்மாற்றம் பெரிதாகத் தெரியாது.

இங்கே ஒரு முரண் கருதத்தக்கது. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையைத் தேடிப் பொறுக்கிவந்து தொட்டியில் போட்டு இதே பழுப்பை வரவழைக்கிறார். பக்கத்து வீட்டில் கட்டை வைத்தவர் காசு கொடுத்து ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கி அதைப் போக்குகிறார். இருவரும் கலந்து பேசினால் இரண்டு செலவும் மிச்சம்.

6. பூத்தல்

தொட்டிக்குள் சென்ற சில நாளில் கட்டைமேல் வெள்ளைப் பஞ்சு படரும். பூஞ்சையும் பாக்டீரியாவும் மரத்தின் மிச்ச இனிப்பைத் தின்று கொழுக்கும் திருவிழா இது. சில வாரத்தில் தானே ஓயும். பொறுக்காதவர் பிரஷ்ஷால் தேய்க்கலாம், சோப்பு மட்டும் கூடாது. இதைத் தின்னவென்று சக்கர் மீனை வாங்குவோர் பின்விளைவை அறிக: அது தொட்டியை மீறி வளரும். வளர்ந்ததும் ஊசுட்டேரியில் விட்டுவிடலாம் என்று எண்ணுவது பெரும்பிழை. தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் அது நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டது.

7. அமிழ்தல்: திருவக்கரைச் சான்று

மேற்கண்ட மதங்கள் அனைத்துக்கும் இறுதி விடை புதுவைக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கிடக்கிறது. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலர் சொன்னேரா பதிவு செய்த கல்மரங்கள் அவை; வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. வேரில்லை, கிளையில்லை, பட்டையில்லை. எல்லாம் படுத்த கிடை. ஆகவே அவை நின்ற இடத்தில் விழுந்தவை அல்ல, வெள்ளம் அடித்துவந்து ஒதுக்கியவை என்பர் புவியியலார். அதாவது அவையும் டிரிஃப்ட்வுட். வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊரார் துணிபு. இரண்டில் எது சரியாயினும், காற்றும் மரமும் முற்றாக வெளியேறி சிலிக்கா குடியேறிய அக்கட்டைகள் சாயம் விடா, பூக்கா, மிதக்கா. ஊறல் மதம் இங்கே முழுமை பெற்றுவிட்டது. இவற்றிலிருந்து ஒரு சில்லு எடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பதே மீன் வளர்ப்போருக்கு உள்ள ஒரே குறை.

8. முடிபுகள்

ஒன்று: மரம் மூழ்கத் தேவையான ஒரே பொருள் காலம். ஊறல் மதத்தார் அதை நாளாகத் தருகிறார்கள்; கொதி மதத்தார் சிலிண்டராகத் தருகிறார்கள்; கல்கட்டி மதத்தார் கடனாக வாங்குகிறார்கள்.

இரண்டு: பொங்கல் அண்டா ஆய்வுக் கருவி அன்று.

மூன்று: முதலில் கட்டையை ஊறப்போட்டு, அது மூழ்கிய பிறகே மீன் வாங்குக. இவ்விதியைக் கடைப்பிடித்தவர் எவரும் இவ்வாய்வில் அகப்படவில்லை. அகப்பட்டால் கட்டையை விட்டுவிட்டு அவரை ஆராய்வதே முறை.