தலையாட்டுறதை நம்பாதீக, தாயி

புதுசா வந்திருக்கீக டாக்டரம்மா. எம் பேத்தி வயசு. அந்த உரிமையில சொல்றேன், கோவிச்சுக்கப்படாது. காலையில இருந்து இந்த பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். வர்றவுக எல்லாத்துக்கிட்டயும் "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"ன்னு கேக்குறீக. அம்புட்டுப் பேரும் தலையாட்டுறாக. நீங்களும் நோட்டுல ஒரு டிக் போட்டு அனுப்பிவிட்டுர்றீக. தாயி, எங்க ஊர்ல உத்தியோகத்துல இருக்கிறவுக கேட்டா 'ஆமா'ங்கிறது பதில் இல்ல, மரியாதை. வி.ஏ.ஓ. கேட்டாலும் ஆமாதான், ஓட்டுக் கேட்டு வர்றவன் கேட்டாலும் ஆமாதான்.

மறதியின்னு மட்டும் நெனச்சிராதீக. நர்சம்மா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. மகளுக்குச் சடங்கு வச்சப்ப எந்த மச்சான் எத்தனை ரூவா மொய் எழுதுனான்னு நாப்பது வருசமா மறக்காத ஆளுக இவுக. ராத்திரி ஒரு மாத்திரை மட்டும் மறந்துபோகுதாக்கும்!

பல்லுவலி மாத்திரையை எவனாச்சும் மறந்து பாத்திருக்கீகளா? அது இருட்டுலயும் தடவி எடுத்து வாயில போட்டுக்கிடுவான். பிரஷர் அப்படி இல்லையே. வலிக்காது, காய்ச்சல் அடிக்காது, ஆளு பாட்டுக்கு நல்லாத்தான் இருப்பான். மாத்திரை தின்னா என்ன கெடைக்கும்னு கேட்டா, பக்கவாதம் வராதும்பீக. வராததை எவன் கண்ணால கண்டான்? மாத்திரை குடுக்கிற தலைசுத்தலும் கால்வீக்கமும்ல கண்ணுக்குத் தெரியுது. மேலத்தெருவுல என் மச்சினரு ஒருத்தரு. உங்களுக்கு முந்தி இருந்த டாக்டரு, "பிரஷர் நார்மலா இருக்கு பெரியவரே"ன்னு வாய் நெறையச் சொல்லி அனுப்புனாரு. மனுசன் அன்னைக்கு ராத்திரியே மாத்திரையை நிப்பாட்டிட்டாரு. நார்மல் ஆன பெறவு எதுக்குன்னு கேக்குறாரு. மாத்திரை தின்னதாலதான் நார்மல், விட்டா மறுபடி ஏறும்னு டாக்டரு கூட ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம். சந்தோசத்துல விட்டுப்போச்சு போல.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான சங்கதி. நீங்க பொம்பளைப் பிள்ளை, அதனால உங்ககிட்டச் சொல்லலாம். இந்த நீர் மாத்திரை எழுதிக் குடுக்குறீகள்ல? தின்ன கொஞ்ச நேரத்துல ஒதுங்கணும், திரும்ப ஒதுங்கணும். நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கரையில நிக்கிறவ எங்க போயி ஒதுங்குவா? ஆம்பளை அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாக் காரியம் முடிஞ்சுது. அவ முள்ளுக்காட்டைத் தாண்டிப் போகணும், தொணைக்கு ஒருத்தியைக் கூப்புடணும், மேஸ்திரி மூஞ்சியைப் பாக்கணும். அதனால வேலைக்குப் போற அன்னைக்கு மாத்திரை கெடையாது. மினி பஸ் ஏறுற அன்னைக்கும் கெடையாது. கல்யாண வீடு, கருமாதி வீடுன்னா ரெண்டு மூணு நாளைக்கு அந்தப் பேச்சே இல்ல. கூட்டிக் கழிச்சா மாசத்துல எத்தனை நாளு மிஞ்சும்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க. பெறவு கால் வீங்கி வந்து நிப்பா. "ஏம்மா ஒழுங்காச் சாப்பிடலையா?"ன்னு வைவீக. அவ தரையைப் பாத்துக்கிட்டு நிப்பா. முந்தி இருந்த டாக்டரு ஆம்பளை, அவருகிட்ட எப்படிச் சொல்லுவா? நீங்க கேட்டா ஒருவேளை சொல்லுவா. எந்த நேரம் வேலைக்குப் போறே, எப்ப வீடு திரும்புறேன்னு கேட்டு, தின்னுற நேரத்தை மாத்திக் குடுக்கத் தோதுப்படுமான்னு பாருங்க. அந்தச் சீட்டை எழுதுற அதிகாரம் உங்ககிட்டத்தான இருக்கு.

சுகர் மாத்திரைக் கதையும் இதேதான். 'காலை சாப்பாட்டுக்குப் பின்'னு எழுதுறீக. எங்க வீட்டுப் பொம்பளைக காலைச் சாப்பாடு சாப்பிடுறது பதினோரு மணிக்கு, அதுவும் பானையில மிச்சம் இருந்தா. வெறும் வயித்துல மெட்ஃபார்மினைப் போட்டா வயித்தைப் பெரட்டும். பெரட்டுறதை எவ தினமும் தின்னுவா?

ரத்தம் எடுக்கிற தேதி சொல்லிட்டீகன்னா மட்டும் ஊரே திருந்திரும். மூணு நாளைக்கு முன்னாடியே சீனி இல்லாத காப்பி, கேப்பைக்களி, வாய்க்கால் வரைக்கும் நடை. விட்டுப்போன மாத்திரைக்கும் சேத்து ரெண்டு ரெண்டாப் போடுற புத்திசாலியும் உண்டு. அது எம்புட்டு வெவகாரம்னு உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ரிசல்ட் பாத்துட்டு நீங்க மெச்சிக்குவீக. இப்ப மூணு மாச சுகர்னு ஒரு டெஸ்ட் வந்து அந்தப் பொழப்பையும் கெடுத்துருச்சு. மூணு நாள் பத்தியம் அதுக்கிட்ட எடுபட மாட்டேங்குது. அது வந்ததுல இருந்து கீழத்தெருக்காரரு ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி மேலயே மனஸ்தாபம்.

நாட்டுப்புறத்து ஆளுக இப்படித்தான்னு முடிவு கட்டிறாதீக. 2003-ல உலக சுகாதார நிறுவனமே ஒரு அறிக்கை போட்டுச்சு. வசதியான நாடுகள்லயே நாள்பட்ட சீக்குக்காரங்கள்ல பாதிப்பேருதான் ஒழுங்கா மருந்து எடுக்காகளாம். கோட்டு சூட்டுப் போட்டவனும் நம்ம மச்சினரும் இந்த ஒரு விசயத்துல பங்காளிக. நம்ம கவர்மென்டும் தன்னால ஆனதைச் செய்யத்தான் செய்யுது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்'னு ஆரம்பிச்சு, பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டாந்து குடுக்காக. பஸ் காசு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். அதை நான் கொறை சொல்ல மாட்டேன். வாசல் வரைக்கும் மருந்து வந்துருச்சு. வாசலுக்கும் வாய்க்கும் நடுவுல இருக்கிற தூரத்துக்கு எந்த வண்டியும் ஓடலையே தாயி.

அந்தத் தூரத்தை மெட்ராஸ்ல ஒரு கூட்டம் அந்தக் காலத்துலயே அளந்து பாத்துருக்கு. இங்க கம்பவுண்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு சொல்லுவாரு. 1956-ல சேத்துப்பட்டுல டி.பி. ஆராய்ச்சிக்குன்னு ஒரு மையம் தொறந்தாக. சானடோரியத்துல படுக்கவச்சு, பாலும் முட்டையும் குடுத்துப் பாத்தாத்தான் டி.பி. கொணமாகும்னு இருந்த காலம். இவுக பாதிப்பேரைச் சானடோரியத்துல வச்சாக, மீதிப்பேருக்கு மாத்திரையைக் குடுத்து வீட்டுக்கு அனுப்புனாக. ஒத்தை ரூம்பு வீடு, அரை வயித்துக் கஞ்சி. ஒரு வருச மருந்துக்குப் பெறவு பாத்தா ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. 1959-ல அது வெளியாகி ஒலகமே திரும்பிப் பாத்துச்சாம். ஆனா நான் அதுல மெச்சுறது வேற. 'சாப்பிட்டியா?'ன்னு கேட்டுட்டு அவுக நோட்டை மூடிறலை. சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போயி மிச்ச மாத்திரையை எண்ணுவாகளாம், சிறுநீரையும் வாங்கிட்டு வந்து மருந்து உள்ள போயிருக்கான்னு பாப்பாகளாம். நம்மாளுக தலையாட்டு அப்பவே மெட்ராஸ் வரைக்கும் பிரபலம் போல.

இப்ப டி.பி.க்கு ஆறு மாசம் தின்னணும். ரெண்டு மாசத்துல இருமல் நின்னு சட்டை இறுக்கமாயிரும், அதோட மருந்துக்குக் கும்பிடு போட்டுருவான். மிச்சம் கெடக்கிற கிருமி மருந்தோட பழகிக்கிட்டுத் திரும்பி வரும், அப்ப பழைய மாத்திரை அதுக்கிட்டச் செல்லாது. வயித்துக்கும் ஏதாச்சும் வேணும்னு தெரிஞ்சுதான் சர்க்காரு மாசம் 500 ரூவா குடுத்துக்கிட்டு இருந்துச்சு, 2024-ல அதை 1,000 ஆக்கிருக்கு.

நாளையில இருந்து ஒண்ணு செய்யுங்க. 'சாப்பிட்டீங்களா'ங்கிற கேள்வியை விட்டுருங்க. "வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் கவரோட கொண்டாங்க, சேந்து எண்ணுவோம்"னு சொல்லுங்க. போன மாசம் வெள்ளையா இருந்தது இந்த மாசம் மஞ்சளா வந்திருந்தா, ரெண்டும் ஒரே மருந்துதான்னு கையில வச்சுக் காட்டுங்க. நெறம் மாறுனதுக்கே பயந்து ஒதுக்கி வச்சவுக இருக்காக. மிச்சம் எத்தனைன்னு தெரிஞ்சாலும் மொகம் சுளிக்காதீக. ஏன் மிஞ்சுச்சுன்னு மட்டும் கேளுங்க.

வைஞ்சீகன்னு வச்சுக்கோங்க, அடுத்த மாசம் கணக்குக் கச்சிதமா இருக்கும். ஒரு மாத்திரை கூடாது, கொறையாது. நாங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில ஒரு ஓடை கெடக்கு.