செத்தவர் மீது குற்றம் நிரூபணம்

2017 பருத்திப் பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் காட்டுக்கு மருந்தடிக்கப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எண்ணூறு பேர் வரை ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கண் மங்குகிறது என்றார்கள், மூச்சு முட்டுகிறது என்றார்கள். அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. குழுவும் துருவித் துருவி விசாரித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. முகமூடி போடாதவன், கையுறை மாட்டாதவன், சொன்ன அளவுக்கு மேல் கலந்தவன். அதாவது, செத்தவன்.

உடந்தையாக இருந்தவர்களும் சிக்கினார்கள். அந்த வருஷம் பருத்திச் செடி வழக்கத்தைவிட உயரமாக, ஆள் மட்டத்துக்கு வளர்ந்துவிட்டதாம். அதனால் அடித்த மருந்து அடித்தவன் மூஞ்சிக்கே திரும்பியதாம். செடி இரண்டாம் குற்றவாளி. சீனாவிலிருந்து வந்த மலிவு விலைத் தெளிப்பான் பொடிப்பொடியாகப் பீய்ச்சியதாம். அது மூன்றாம் குற்றவாளி. வீசக் கூடாத திசையில் வீசிய காற்றின் மீது வழக்குப் போட சட்டத்தில் இடமில்லை, பிழைத்துப்போனது. பாட்டிலுக்குள் இருந்த சரக்கு மட்டும் முதல் குற்றவாளி ஆகவில்லை.

நியாயம்தானே? பாட்டிலோடு ஒரு துண்டுப் பிரசுரம் வருகிறது. 1971ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தி, ஆங்கிலத்தோடு ஒன்றிரண்டு வட்டார மொழிகளிலும் அச்சடித்துத்தான் தருகிறார்கள். எழுத்து எறும்பு முட்டை அளவில் இருக்கும். பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்வது விவசாயியின் கடமை. உடம்பை மூடும் உடை, ரப்பர் கையுறை, பூட்ஸ், மூச்சுக் கவசம் எல்லாம் அதில் சொல்லியிருக்கிறது. கூலிக்கு மருந்தடிக்க வந்தவன் பாட்டிலையே பார்த்திருக்க மாட்டான், காட்டுக்காரர் கலக்கி வைத்த டேங்க்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்திருப்பான் என்று வாதம் செய்யாதீர்கள். சட்டம் தெரியாது என்பது சட்டத்தில் சாக்கு ஆகாது. புழுக்கத்தில் அந்த உடையை மாட்டிக்கொண்டு அரை நாள் பருத்திக்குள் நடக்க முடியுமா என்று விதி எழுதிய அதிகாரி ஒருநாள் மாட்டிப் பார்த்திருக்கலாம். அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் தேவைப்படவில்லை.

டப்பாவில் வண்ண முக்கோணமும் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் சோதனை எலிகளில் பாதி சாகும் என்று கணக்குப் பார்த்துப் பூசிய வண்ணம் அது. உடம்பு எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் செத்தால் சிவப்பு, 5,000 மில்லிகிராமுக்கு மேலும் தாக்குப்பிடித்தால் பச்சை. பருவம் முழுக்க தினம் பத்து டேங்க் அடிக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று எலியிடம் கேட்டுப் பயனில்லை. எலி கூலிக்குப் போவதில்லை.

அந்தப் பருவத்தில் அதிகம் பேசப்பட்ட மருந்துகளில் ஒன்று டயாபென்தியூரான். அதன் பிரசுரத்தில் ஒரு நேர்மையான வரி உண்டு: இதற்கென்று குறிப்பிட்ட முறிமருந்து கிடையாது, அறிகுறிக்கு ஏற்ப வைத்தியம் பார்க்கவும். சாவுக்கு வழி இருக்கிறது, மீட்புக்கு வழியில்லை என்று எழுதிக்கொடுத்தே விற்கலாம், அதற்கு உரிமமும் உண்டு. எழுதியதைப் படிக்காமல் செத்தால் மட்டும் குற்றம்.

எதற்காக அவ்வளவு மருந்து? 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தபோது காய்ப்புழு ஒழிந்தது, மருந்துச் செலவும் ஒழிந்தது என்று மேளம் கொட்டினார்கள். புழு அந்த விளம்பரத்தைப் படிக்கவில்லை. பதினைந்தே ஆண்டில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டாம் தலைமுறை பி.டி. விதைக்கும் பழகிக்கொண்டது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் வேறு. விதைக்கும் காசு கொடுத்து, மருந்துக்கும் காசு கொடுத்து நின்றவனுக்கு ஆலோசனை சொல்ல வேளாண்மை அலுவலர் வரவில்லை. கடன் கொடுத்த மருந்துக்கடைக்காரர்தான் இருந்தார். “புழு நிக்க மாட்டேங்குதுண்ணே” என்றால், “இதையும் அதையும் கலந்து ரெண்டு மூடி சேத்து ஊத்துங்க” என்று கல்லாவிலிருந்தே நாடி பிடித்து வைத்தியம். இந்த வசனம் யவத்மாளின் தனிச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். அதே 2017இல் நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டிலும் மருந்தடித்தவர்கள் செத்தார்கள். அவர்களும் முகமூடி போடவில்லை என்றே செய்தி வந்தது.

மருந்து அதிகம் என்று வாயைத் திறந்தால் போதும், தொழில்துறைக் கனவான்கள் ஒரு கணக்கை எடுத்து நீட்டுவார்கள். இந்தியாவில் ஹெக்டேருக்குச் சராசரி அரை கிலோவைச் சற்றே தாண்டும், ஜப்பானைப் பாருங்கள், சீனாவைப் பாருங்கள் என்பார்கள். ஒரு சொட்டு மருந்தும் காணாத மானாவாரிச் சோளத்தையும் கேழ்வரகையும், வாரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டப்படும் திராட்சையோடும் மிளகாயோடும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் வருகிற சராசரி அது. உண்மைதான். சராசரி விவசாயி யாரும் இதுவரை சாகவில்லை.

நகரத்துப் பெருமக்களோ புளித்தண்ணீரில் கத்தரிக்காயை ஊறவைத்துக் கழுவுவதோடு தங்கள் போராட்டத்தை வெற்றிகரமாக முடித்துக்கொள்கிறார்கள். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகளும் இருக்கின்றன, அவை தோலில் உட்கார்ந்து புளிக்காகக் காத்திருப்பதில்லை. மோனோகுரோட்டோபாஸ் அந்த ரகம். 2005இலேயே அதைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். பருத்திக்கு அடிக்கலாம் என்று விட்டார்கள். ஒரே கடை, ஒரே அலமாரி, ஒரே பாட்டில். வாங்குகிறவரிடம் கடைக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு விற்பார் என்று அரசு நம்பியது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியின் மதியச் சாப்பாட்டில், சமையல் எண்ணெய் வழியாக அதே மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் செத்தார்கள். அந்தக் குழந்தைகளும் பிரசுரத்தைப் படித்திருக்கவில்லை.

மாநில அரசுகள் தடை செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செய்யலாம், 60 நாளைக்கு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அவ்வளவுதான் கொடுத்திருக்கிறது. கெஞ்சிக் கேட்டால் இன்னும் 30 நாள். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். யவத்மாள் சாவுகளுக்குப் பிறகு மகாராஷ்டிரம் ஐந்து மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு, தற்கொலைகளைத் தடுக்கவென்று ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. அறுபதாம் நாள் இரவு வரைக்கும் அது உயிர்க்கொல்லி, அறுபத்தொன்றாம் நாள் காலையில் வேளாண் இடுபொருள். பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை லீவு விடுவதைப் போல நஞ்சுக்கு லீவு விட்டு, சட்டப்படி மறுபடியும் கடைக்கு வரச் சொல்கிற நாடு இது. சாக நினைப்பவர் தேதியைத் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை.

சரி, டெல்லி என்ன செய்தது? 2013இல் ஒரு குழு போட்டு, மற்ற நாடுகள் தடுத்தும் இங்கே ஓடிக்கொண்டிருந்த 66 மருந்துகளை ஆராயச் சொன்னது. ஆராய்ச்சி, மறு ஆராய்ச்சி எல்லாம் முடிந்து 2018இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. 2020 மே மாதம் இன்னும் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக வரைவு ஆணை வந்தது. கம்பெனிக்காரர்கள் பதறினார்கள். ஏற்றுமதி போச்சு, விவசாயி பாவம் என்று விவசாயிக்காக விவசாயியைவிட உரக்க அழுதார்கள். அழுகைக்குப் பலன் இருந்தது. நம் வயலில் ஆகாது என்று சொன்ன சரக்கை அயல்நாட்டு வயலுக்கு அனுப்பலாம் என்று முதல் சலுகை வந்தது. ஆட்சேபம் கேட்க ஒரு குழு, குழுவுக்கு மேல் குழு என்று மூன்று வருஷம் ஓடியபின் 2023 பிப்ரவரியில் 27 என்பது 3 ஆகச் சுருங்கி வந்தது. டைகோபால், டினோகேப், மெத்தோமில். அது ஏன் மூன்று மட்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. 27 மருந்துகளும் மனிதனுக்கோ மண்ணுக்கோ தேனீக்கோ ஆபத்து என்று எழுதிய பேனாவும் அரசின் பேனாதான், 24ஐ அடித்ததும் அதே பேனாதான். 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2008இல் ஒரு மசோதா, 2020இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டும் மசோதாவாகவே ஆயுளைக் கழித்தன. மசோதாவுக்கு மட்டும் இந்த நாட்டில் எந்த மருந்தும் ஏறுவதில்லை.

இதற்கிடையில் 2020இல் யவத்மாளின் இரண்டு விதவைகளும் பிழைத்துக்கொண்ட ஒரு விவசாயியும் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரம் வரைக்கும் நியாயம் கேட்டுப் போனார்கள், டயாபென்தியூரான் கம்பெனியின் தலைமையகம் அங்கே இருப்பதால். தன் மருந்துதான் காரணம் என்பதைக் கம்பெனி மறுத்தது. எது எப்படியோ, தன் வயலில் எப்போதோ தடுத்துவிட்ட அந்த மருந்தை இனி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது என்று ஸ்விட்சர்லாந்து 2021இலிருந்து தடை போட்டுக்கொண்டது. வெள்ளைக்காரனுக்கு வெட்கம் வந்துவிட்டதே, இனி நம் கதி என்ன என்று கலங்க வேண்டாம். டயாபென்தியூரான் அந்த 27இலும் இல்லை, 3இலும் இல்லை. நம் ஊர்க் கம்பெனிகளே தயாரிக்கின்றன, நம் ஊர் மருந்துக்கடையிலேயே கடனுக்குக் கிடைக்கிறது. இதற்குத்தான் தற்சார்பு என்று பெயர்.