லேத்தை மாற்றலாமா, உளியைத் தீட்டலாமா?

கே: எட்டு மாதமாகக் கடைசல் பழகுகிறேன். 10 அங்குல ஸ்விங், அரை எச்.பி. மோட்டார் உள்ள சின்ன லேத். பம்பரம், பேனா, பூரிக்கட்டை வரை வந்துவிட்டேன். கிண்ணம் கடையப் போனால் உளி கடித்துக்கொண்டு மோட்டாரே நின்றுவிடுகிறது. பெரிய லேத்துக்கு மாறிவிடலாமா? (மதுரை வாசகர்)

ப: மோட்டார் நின்றதும் எதைப் பார்த்தீர்கள், லேத்தையா, உளியையா? அடுத்த முறை உளியைப் பாருங்கள். அதற்கு முன்பு, காலடியில் கிடக்கும் சீவலைப் பாருங்கள். நீளச் சுருளாக விழுந்திருந்தால் உளி கூராக இருக்கிறது. தூளாகக் கொட்டியிருந்தால் அது மழுங்கிப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். மழுங்கிய உளியை நம்மை அறியாமலே அழுத்துவோம். அந்த அழுத்தமெல்லாம் மோட்டார் தலையில்தான் விழும்.

இரண்டாவது, பெல்ட். பேனா கடைந்த வேகப் புல்லியிலேயே பெல்ட்டை விட்டுவிட்டு, பட்டனைத் திருப்பி வேகத்தைக் குறைத்துக் கிண்ணம் கடைகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். பட்டனில் குறைத்தால் வேகம் குறையும், இழுவை கூடாது. பெல்ட்டைக் குறைந்த வேகப் புல்லிக்கு இறக்கினால் அதே அரை எச்.பி. வேறு மாதிரி இழுக்கும்.

மூன்றாவது, கை. உளியின் சாய்முகம் முதலில் மரத்தில் உரசி உட்கார வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்லத் தூக்கினால் முனை தானாக வெட்டத் தொடங்கும். முனையை நேராகக் கொண்டுபோய்க் குத்தினால் எத்தனை எச்.பி. இருந்தாலும் கடிக்கும். பெரிய மோட்டார் நிற்காது என்பதால் கிண்ணம்தான் பறக்கும்.

ஒரு மாதம் இந்த மூன்றையும் திருத்திக்கொண்டு, காய்ந்த புளிய மரத்தோடு மல்லுக்கட்டாமல், பச்சை மாங்கட்டையில் எட்டு அங்குலக் கிண்ணம் கடைந்து பாருங்கள். புதுக்கூர் உளி, மெல்லிய வெட்டு, சரியான புல்லி எல்லாம் இருந்தும் மோட்டார் திணறினால் உங்கள் லேத் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அப்போது தயங்காமல் மாற்றுங்கள்.

கே: தீட்டுவதற்கு அப்படி என்ன வேண்டும்? சாதாரண சாணை எந்திரம் போதாதா? (கரூர்)

ப: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். பழகாத கையில் அது உளியைக் கண்மூடித் திறப்பதற்குள் தின்றுவிடும். 1,440 சுற்று ஓடும் 8 அங்குல கிரைண்டர் கிடைத்தால் வாங்குங்கள். கோணம் மாறாமல் உளியைப் பிடித்துத்தரும் ஜிக் ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் தீட்டினால் இரண்டு உரசலில் வேலை முடியும். கோணம் மாறினால் ஒவ்வொரு முறையும் புது முகம் செதுக்குகிறீர்கள், உளியும் நாளுக்கு நாள் குட்டையாகும்.

உளி எச்.எஸ்.எஸ். எஃகாக இருந்தால் முனை நீலம் பூத்தாலும் பயமில்லை. பழைய கார்பன் எஃகு என்றால் நீலம் பூத்த இடத்தில் பதம் போய்விட்டது. அந்த அளவு தேய்த்தெடுத்தால்தான் மறுபடி வெட்டும்.

கே: புது லேத்தின் விளம்பரத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (சேலம்)

ப: எடை.

கே: சென்னையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். எடையான லேத் வாங்கச் சொல்கிறீர்களே! (சென்னை வாசகர்)

ப: ஆமாம், மாடிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மரக்கட்டை எப்போதும் ஒரு பக்கம் கனமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் வைரம், ஒரு பக்கம் வெளிறு, நடுவில் முடிச்சு. அது சுழலும்போது எந்திரத்தை உதறும். லேத்தின் அடிச்சட்டமான பெட் வார்ப்பிரும்பாக இருந்தால் அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். தகரக் குழாய் பெட் அதிர்வை உங்கள் உளிக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் அனுப்பிவைக்கும்.

புது லேத் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். இப்போதுள்ள லேத்தைத் தடித்த மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மேசையின் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். எடை எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஸ்பின்டிலின் மையம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரட்டும். முதுகு நன்றி சொல்லும். புது லேத் வாங்கியதாக எண்ணும் அளவுக்கு மாற்றம் தெரியும்.

கே: 12 அங்குல ஸ்விங் என்றால் 12 அங்குலத் தட்டு கடையலாம்தானே? (தஞ்சாவூர்)

ப: கடையலாம், பெட்டையும் சேர்த்து! ஸ்பின்டில் மையத்திலிருந்து பெட் வரையுள்ள தூரத்தை இரட்டித்த கணக்கு அது. 11 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளக் கட்டைக்கு இன்னும் குறையும். டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் அடிப்பகுதி கட்டைக்குக் கீழேதான் நுழைய வேண்டும். கடைக்குக் கையோடு டேப்பைக் கொண்டுபோய் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். விளம்பரத்தில் அந்த எண்ணைப் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

கே: நான் பார்த்த லேத் 3,500 ஆர்.பி.எம். வரை போகுமாம். நல்ல லேத்தா? (திருச்சி)

ப: எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டுவிட்டீர்கள். எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்டீர்களா? கிண்ணம் கடைபவருக்கு அதுதான் உயிர்.

கடைசல்காரர்கள் கையில் ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்றுவேகத்தால் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வர வேண்டும். 3 அங்குலக் காலுக்கு 2,000 முதல் 3,000 சுற்று. 12 அங்குலத் தட்டுக்கு 500 முதல் 750. அதுவும் கட்டை உருண்டு சமநிலைக்கு வந்த பிறகுதான். கோடரியில் வெட்டிய கரடுமுரடான கட்டையை முதலில் ஏற்றும்போது லேத்தின் ஆகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். பல சின்ன லேத்துகளில் அந்த ஆகக் குறைந்த வேகமே 500, 700 என்று இருக்கிறது. அங்கேதான் பிள்ளையார் சுழியே ஆட்டம் காண்கிறது. 50, 100 சுற்றுக்கு இறங்கும் லேத்துக்கு மாறினால் அது மேம்பாடு. 3,500 வெறும் அலங்காரம்.

10 அங்குலக் கிண்ணத்தை 3,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அந்த வேகத்தில் விரிசல் விட்ட ஒரு துண்டு கழன்று வந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கே: அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் இந்த வசதியெல்லாம் கேட்டார்களா? நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? (திருநெல்வேலி வாசகர்)

ப: உங்கள் கேள்வியை மனதாரப் பாராட்டுகிறேன். அந்தக் கைகளை நினைத்துத்தான் இந்தப் பகுதியையே எழுதுகிறேன். மோட்டார் வருவதற்கு முன்பு ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார், மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்னே சுழலும்போது உளி வெட்டும், பின்னே சுழலும்போது உளி காத்திருக்கும். பாதி நேரம் காத்திருந்தே பானையும் அடுப்பும் அம்மியும் குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு வந்தன. இங்கிலாந்தில் ஹை விக்கம் ஊரைச் சுற்றியுள்ள பீச் மரக் காடுகளிலும் இதே கதைதான். வளைந்த கழியில் கயிற்றைக் கட்டி, காலால் மிதித்து, நாற்காலிக் கால்களைக் காட்டுக்குள்ளேயே கடைந்தார்கள்.

அவர்களுக்கு முதலில் தெரிந்திருந்தது என்ன கடையப்போகிறோம் என்பது. லேத் அதற்குப் பின்னால் வந்தது. சொப்புக்குச் சின்ன லேத், மென்மையான மரம், சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் பூசிக்கொள்ளும் அரக்குக் குச்சி. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துக்காரர்கள் வெட்பாலை மரத்தில் கடைந்து, அரக்கு பூசிய பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்து மினுக்குவதும் இதே கணக்குதான். பொருளும் மரமும் எந்திரமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை.

நீங்களும் அப்படித் தொடங்குங்கள். சொப்பும் பம்பரமும் பேனாவும்தான் உங்கள் ஆசை என்றால் 10 அங்குல லேத் உங்கள் ஆயுசுக்குப் போதும். கட்டில் கால் என்றால் இரண்டு மையங்களுக்கு நடுவே நீளம் வேண்டும். பெட்டை நீட்டும் துண்டு கிடைக்கிறதா என்று பாருங்கள், அதைப் போட்டாலே முடிந்தது. பெரிய கிண்ணம் என்றால்தான் எடை, மெதுவான வேகம், இழுவை மூன்றும் ஒருசேர வேண்டும். அப்போது 1 எச்.பி.க்குக் கீழே பார்க்காதீர்கள்.

கே: 2 எச்.பி. லேத்துக்கு வீட்டில் த்ரீ ஃபேஸ் வாங்க வேண்டுமா? (ஓசூர்)

ப: வேண்டியதில்லை. பல நல்ல லேத்துகளில் மோட்டார் த்ரீ ஃபேஸ்தான். ஆனால் கூடவே வரும் வி.எஃப்.டி. பெட்டி வீட்டின் சிங்கிள் ஃபேஸை உள்ளே வாங்கி, மூன்றாக்கி மோட்டாருக்குத் தரும். அந்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள். தனி வயர், 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த். இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கே: அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கிருந்து லேத் அனுப்புகிறேன் என்கிறான். (காரைக்குடி)

ப: பாசமான தம்பி! கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கும் நல்ல எச்.எஸ்.எஸ். உளிகளும் அனுப்பச் சொல்லுங்கள். அங்குள்ள சின்ன லேத் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 1,725 சுற்று ஓடிய சாதாரண மோட்டார் இங்கே 1,440-க்குப் பக்கத்தில்தான் ஓடும், சூடும் கூடும். வார்ப்பிரும்பைக் கடல் தாண்டிக் கொண்டுவரும் செலவு வேறு.

சக் அனுப்பும் முன் உங்கள் ஸ்பின்டிலின் மரையை அளந்து சொல்லுங்கள். 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை என்பது ஒரு வழக்கம். எம்33, மரை இடைவெளி 3.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பிய வழக்கம். இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறாது. லேத் மாற்றும்போதும் இதை மறக்காதீர்கள். பழைய சக் புது லேத்தில் ஏறாவிட்டால் அடாப்டர் வாங்க வேண்டிவரும், இல்லாவிட்டால் இன்னொரு சக்.

கே: பழைய லேத் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (கோவை வாசகி)

ப: டெயில்ஸ்டாக்கைத் தள்ளிக்கொண்டுபோய் ஹெட்ஸ்டாக்கின் முனையோடு முட்டவையுங்கள். இரண்டு கூர்முனைகளும் நேருக்கு நேர் முத்தமிட வேண்டும். நான் முதல்முறை பழையது வாங்கியபோது புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்கி இதைப் பார்க்கவில்லை. முனைகள் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தன. ஒரு வருடம் நான் துளையிட்ட ஒவ்வொரு பேனாக் கட்டையும் ஒரு பக்கம் மெலிந்தே வந்தது, என் கையைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருடம் இன்னும் வலிக்கிறது.

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஸ்பின்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிற்று. அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டில் விரிசல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். துருவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எண்ணெயும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும்.

கே: இரும்பு கடையும் லேத்தில் மரம் கடையலாமா? (அம்பத்தூர்)

ப: முடியும். ஆனால் மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து அதன் பெட்டில் பசையாகிவிடும், கைஉளிக்கு டூல் ரெஸ்ட்டும் இருக்காது. அதை இரும்புக்கே விடுங்கள்.

கே: நூறு ரூபாய் இருந்தால் எப்படிப் பங்கிடுவீர்கள்? (விருதுநகர்)

ப: லேத்துக்கு ஐம்பத்தைந்து. உளிக்கும் சக்குக்கும் இருபத்தைந்து. தீட்டுவதற்குப் பதினைந்து. முகக்கவசத்துக்கும் தூசி முகமூடிக்கும் ஐந்து. அந்த ஐந்தை முதலில் செலவழியுங்கள்.

கே: நான் கல்லூரி மாணவி. லேத் பக்கம் போனாலே அம்மா பதறுகிறார். (ஈரோடு)

ப: அம்மாவின் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் உங்கள் பழக்கத்தில் இருக்கட்டும். துப்பட்டா வேண்டாம். பின்னலைச் சுருட்டி ஆடைக்குள் விடுங்கள். வளையல், மோதிரம், சங்கிலி கழற்றுங்கள். கையுறை போடவே போடாதீர்கள், சுழலும் மரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். நீளக் கட்டையை உருட்டும் அகலமான ரஃபிங் உளியைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். அதன் காம்பு மெலிது, முறிந்து முகத்துக்கு வரும். தேக்குத்தூளும் தோதகத்தித்தூளும் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும், உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம். முதல் கிண்ணத்தை அம்மாவை அருகில் உட்காரவைத்துக் கடையுங்கள். அவருக்கும் ஒரு முகக்கவசம் வாங்குங்கள்.

கே: புது லேத் வாங்கிவிட்டேன். பழையதை விற்றுவிடலாமா? (நாகர்கோவில்)

ப: பணம் அவசரமாகத் தேவை என்றால் விற்கலாம். இல்லாவிட்டால் பஃபிங் சக்கரம் மாட்டி மெருகேற்றப் பயன்படுத்துங்கள். பெரிய லேத்தில் கிண்ணம் பாதியில் நிற்கும்போது அதைச் சக்கிலிருந்து கழற்றாமலே இதில் ஒரு குமிழோ கைப்பிடியோ கடைந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். கொய்யாக் கட்டை ஒன்று, கூர் போட்ட உளி ஒன்று, கூடவே நீங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு பம்பரம் வந்துவிடும்.