ரூட்டு வாத்தியார்

தருமபுரி நாலு ரோட்டில் நின்றபடி லாவோஸுக்கு வழி கேட்டால் தெளிவாகச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அரூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். அவர் பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது; ஊருக்கு அவர் ரூட்டு வாத்தியார். இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். பென்னாகரத்தில் ஒருவர், காரிமங்கலத்தில் ஒருவர், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ஊருக்கு வரும் ஐ.டி. பையன்களில் தெருவுக்கு ஒருவர் என்று இந்த ஜாதி மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. முதுகுப்பை இருக்கும், பயணம் இருக்காது. அதுதான் அடையாளம்.

வாத்தியாரின் பை 60 லிட்டர். பாஸ்போர்ட்டும் 60 பக்கம். ஊரில் மற்றவர்கள் 1500 ரூபாய் கட்டி 36 பக்கத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இவர் 2000 கட்டினார். "நாம போற நாட்டுக்கெல்லாம் 36 பக்கம் எந்த மூலைக்கு?" என்றார். பத்து வருஷம் ஓடியது. புதுப்பிக்கப் போன இடத்தில் பழைய பாஸ்போர்ட்டை வாங்கி 'ரத்து' என்று குத்திக் கொடுத்தார்கள். அதில் விழுந்த முதல் முத்திரையும் கடைசி முத்திரையும் அதுதான். புதியதையும் 60 பக்கமாகவே வாங்கிக்கொண்டார்.

பை அப்படிச் சும்மா இருக்கவில்லை. புளி உலுக்கும் காலத்தில் மாமியார் ஊரிலிருந்து புளி சுமந்து வருகிறது. மற்ற நாளில் வாத்தியார் அதில் துணிமணியை அடைத்து, பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எடுத்துப் போய்த் தராசில் ஏற்றுவார். மலிவு விமானத்தில் கையோடு 7 கிலோதான் விடுவார்கள். மண்டிக்காரர் எடை பார்த்து, "ஏழு முந்நூறு சார்" என்பார். வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து ஒரு வேட்டியை உருவி வெளியே போடுவார். ஐரோப்பா பக்கம் அவர் தலைவைத்துப் படுக்காததற்கும் இதுவே காரணம். ஸ்வெட்டர் வெயிட்டு. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவிலேயே உலகத்தைச் சுற்றி முடிப்பது என்பது அவர் கொள்கை.

ரூட்டு கணினியில் எக்ஸெல் தாளாக இருக்கிறது. இலங்கை, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா. நாட்டுக்கு ஒரு நிறம். தங்கும் செலவு, சாப்பாடு, பஸ், படகு, எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம். அவருடைய ஆதர்சம் டோனி வீலரும் மொரீன் வீலரும். 1972-ல் லண்டனிலிருந்து பழைய கார் ஒன்றில் கிளம்பி, ஆசியாவைக் கடந்து, கையில் 27 சென்ட்டோடு சிட்னி போய்ச் சேர்ந்த தம்பதி. அந்த அனுபவத்தில்தான் லோன்லி பிளானட் வழிகாட்டிகள் பிறந்தன. இந்தக் கதையை வாத்தியார் கண்கள் மின்னச் சொல்வார். சொல்லி முடித்ததும் எக்ஸெலைத் திறந்து, எதிர்பாராத செலவைப் பதினைந்து சதவீதமாக்குவார்.

தாள் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த நேரத்தில், 2021 டிசம்பரில் லாவோஸ்காரர்கள் ரயில் விட்டுவிட்டார்கள். வியன்டியானிலிருந்து சீன எல்லை வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவரை லுவாங் பிரபாங் போக மீகாங் ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணம் என்று எழுதி வைத்திருந்தார். இப்போது தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ரயில் கொண்டுபோய் விடுகிறது. படகா ரயிலா என்று ஒரு வாரம் சாப்பிடாமல் யோசித்தார். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் ரயில் பாதை வேண்டுமென்று நாம் எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அந்தக் கவலை அவரை அண்டியதில்லை. அந்தப் பாதை அவர் ரூட்டில் வரவில்லை.

அவருடைய உண்மையான எதிரி மழை. ஆசிரியருக்கு லீவு மூன்றே தடவை. மே மாதம் போகலாம் என்றால் தாய்லாந்தின் புக்கெட் பக்கம் பருவமழை பிடித்துவிடும். காலாண்டு லீவில் போகலாம் என்றால் பாங்காக்கில் கொட்டித் தீர்க்கும். அதை ஒட்டியே வியட்நாமின் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் வரும். அரையாண்டு லீவில் மலேசியாவின் கிளந்தானும் திரெங்கானுவும் மிதக்கும், பாலியிலும் மழைக்காலம் நடக்கும், டிக்கெட் விலை வேறு ஆகாயத்தில் இருக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை இல்லைதான். ஆனால் வடக்கு லாவோஸில் வயலை எரிக்கிற புகை. நல்லவேளையாக அப்போது பொதுத்தேர்வு.

இதையெல்லாம் பென்னாகரம் ரோட்டு டீக்கடையில் ஒருநாள் படம் போட்டு விளக்கினார். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, நிலநடுக்கோட்டுத் தாழ்வழுத்தப் பட்டை எல்லாம் பெஞ்சில் சிந்திய டீயிலேயே வரையப்பட்டன. டீ மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்:

"கொடை எடுத்துட்டுப் போங்க சார்."

"கொடை வெயிட்டு" என்றார் வாத்தியார்.

வீட்டில் அவர் மனைவிக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. "ஏங்க, ஒகேனக்கல்லுக்காவது ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்பார். வாத்தியார் தினமும் காலையில் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி தண்ணீர் வருகிறது என்று பேப்பரில் பார்ப்பவர். தண்ணீர் அதிகம் வந்தால், "பரிசலுக்குத் தடை போட்டுட்டாங்க" என்பார். குறைந்தால், "அருவியில பாக்கறதுக்கு என்னா இருக்கு?" என்பார். ஆனால் ஹோய் ஆன் பக்கத்தில் மூங்கிலில் பின்னி, பிசின் பூசிய வட்டக் கூடைப் படகில் நீர்த்தென்னைத் தோப்புக்குள் ஒரு மணி நேரம் சுற்றுவதற்கு எக்ஸெலில் டோங் கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கிறார். "அது பரிசல்தானேங்க?" என்று மனைவி படத்தைப் பார்த்துக் கேட்டபோது, "இது வேற" என்று லேப்டாப்பை மூடினார்.

2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பர் முதல் தேதி மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாமென்று கதவைத் திறந்துவிட்டன. ஊரே அவரைப் பாராட்டியது. "அப்பறம் என்னா சார், கெளம்ப வேண்டியதுதானே?" என்று சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு நாள் பள்ளிக்கூடம் விட்டால் வீடு என்று இருந்தார். ஒன்பதாம் நாள் புது ரூட்டோடு வந்தார். அதில் கென்யாவும் பிரேசிலும் சேர்ந்திருந்தன.

"அங்கெல்லாம் மஞ்சள் காய்ச்சல் இருக்கு. ஊசி போட்டுக்கிட்டு பத்து நாள் ஆகியிருக்கணும். சான்றிதழ் இல்லாம அங்கிருந்து திரும்பி வந்தா ஆறு நாள் வரைக்கும் தனியா உக்கார வெச்சிருவாங்க. ஊசிக்குச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போகணும்" என்றார்.

"எப்ப போறீங்க?"

"முன்னெல்லாம் சான்றிதழ் பத்து வருஷம்தான் செல்லும். 2016-லருந்து ஆயுசு பூரா செல்லும்னு மாத்திட்டாங்க. அதனால அவசரம் இல்ல."

அரசு ஊழியர் வெளிநாடு போகத் துறையின் அனுமதி வேண்டும். படிவத்தில் எந்த நாடு, எந்தத் தேதி என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் அவர் நாடுகள் அடங்கவில்லை. இரண்டாவதை நிரப்ப அவருக்கு மனம் வரவில்லை. விமானம் ஏறும் ஊரும் முடிவாகவில்லை. பெங்களூர் பக்கம்தான். ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தக் கோடியில், நடுவில் சில்க் போர்டு டிராபிக். சென்னை தூரம். கோயம்புத்தூர் சுற்று. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேராக விமானம் உண்டு, ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால்? ஒன்பது நாட்டுக்குள் எந்தச் சந்தில் எந்த பஸ் என்று தெரிந்தவருக்கு முதல் பஸ் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இந்த நேரம் பார்த்து அவர் மச்சான் தாய்லாந்து போய்விட்டு வந்தார். மச்சான் பாலக்கோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். டார்கெட் முடித்த டீலர்களை கம்பெனி கூட்டிக்கொண்டு போனது. வாத்தியார் நோட்டோடு அவரைப் பார்க்கப் போனார்.

"சுவர்ணபூமியில இறங்கினீங்களா, டான் மியூயாங்கா?"

"ஏரோப்ளேன் எறங்கற எடத்துல எறங்குனோம் மாப்ள."

"அங்கேருந்து?"

"பஸ்ல ஏத்துனாங்க. ஏறுனோம்."

"மழை?"

"பேஞ்சுது. நனைஞ்சோம்."

வாத்தியார் நோட்டை மூடிக்கொண்டார். மச்சானுக்குத் தாய்லாந்து என்பது தயிர்சாதம் கிடைத்த ஓட்டல், கிடைக்காத ஓட்டல் என்று இரண்டு வகை. ஆனால் அவருக்கு அது முடிந்த நாடு. வாத்தியாருக்கு அப்படி எந்த நாடும் முடியக் கூடாது. தேதி போட்டு டிக்கெட் எடுத்துவிட்டால் படகு, ரயில் இரண்டில் ஒன்று செத்துப்போகும். சாமுய் தீவுக்குப் போனால் புக்கெட் போகாத ஊராகிவிடும். போகாதவரைக்கும் எல்லா ரூட்டும் அவருடையது. இதை அவரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "இந்த வருஷம் எல் நினோ எப்படின்னு பாத்துட்டு" என்பார்.

அவரைக் கேலி செய்கிற ஊர் வழி கேட்கவும் அவரிடம்தான் வருகிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பையனுக்கு எந்தக் காகிதத்தை எந்தக் கவுன்டரில் நீட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். கொழும்பு வழியாகப் போகிறவருக்கு விமானம் மாற எத்தனை மணி நேரம் வேண்டும் என்று சொல்வார். காசு வாங்க மாட்டார். ஒரு டீயோடு சரி.

அவருடைய அம்மா குமாரசாமிப்பேட்டைக்காரர். அங்கே தைப்பூசத்துக்குப் பெண்கள் மட்டுமே வடம் பிடித்துத் தேர் இழுப்பார்கள்; அம்மா கல்யாணமான வருஷத்திலிருந்து இழுக்கிறார். மகனின் எக்ஸெலில் அவர் விசாரித்தது ஒரே ஒரு வரி. "பத்துமலை வருதா கண்ணு?" வந்தது. கோலாலம்பூர், இரண்டாம் நாள், காலை, அரை நாள். 2006-ல் நிறுவிய 140 அடி முருகன், குகைக்கு 272 படி என்று குறிப்பும் இருந்தது. "அப்ப எந்த வருஷம்னு சொல்லு" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அம்மா வேறு வழியைப் பார்த்துக்கொண்டார். வடம் பிடிக்கிற பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். சீட்டு முடிந்தது, ஒரு டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டினார்கள்.

வாத்தியார் மூன்று நாள் தூங்கவில்லை. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். பதினான்கு பேருக்கும் அவரே உட்கார்ந்து நிரப்பினார். எந்த இடத்தில் குரங்கு பையைப் பறிக்கும் என்பது வரை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். திருச்சி வரை போய் ஏற்றியும் விட்டார். தொப்பூரில் எந்த லாரியும் கவிழ்ந்திருக்கவில்லை.

அம்மா போனார். 272 படியும் ஏறினார், இறங்கினார், திரும்பி வந்தார். மகன் எழுதிக் கொடுத்த தாளில் விபூதி மடித்துக் கொண்டுவந்திருந்தார். காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"அடுத்து பாலித்தீவுன்னு ஒண்ணு இருக்காமே. எல்லாரும் போலாம்ங்கறாங்க. நீ ஒரு ரூட்டு போட்டுக் குடு கண்ணு."

வாத்தியார் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். "எந்த மாசம்மா? ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும்தான் அங்க வறண்ட பருவம். நவம்பர்ல மழை ஆரம்பிச்சா..."

"மழையெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் அம்மா. "சீட்டு எடுக்கற மாசம்."