விலைக்கு விலை உண்டா?

கேள்வி: போடி ஏலக்காய் ஏல விலை ஸ்பைசஸ் போர்டு இணையதளத்தில் சும்மாதானே கிடக்கிறது? அதை எடுத்துச் செயலியில் போட்டுச் சந்தா வசூலித்தால் திருட்டா?
(வாசகர், வீரபாண்டி)

பதில்: ஏலக்காய்க்குச் சொந்தக்காரர் உண்டு, அதன் விலைக்கு யார் சொந்தக்காரர்?

போடி, புத்தடி மையங்களில் மின்னேலம் முடிந்ததும் தேதி, ஏல நிறுவனம், லாட் எண்ணிக்கை, வரத்து, விற்ற கிலோ, உச்ச விலை, சராசரி விலை என அந்த இணையதளத்தில் ஒரு வரி ஏறுகிறது. அத்தனையும் நடந்த தகவல். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. தொகுத்த விதத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கும் வெறும் உழைப்பு போதாது, திறனும் தீர்மானமும் தெரிய வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் எந்தத் தளமானாலும் பயன்பாட்டு விதியைப் படிக்காமல் தொடக் கூடாது. மீறினால் ஒப்பந்த வழக்கு வரலாம். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் உள்ள தரவு என்றால், அதற்கான 2017-ஆம் ஆண்டு உரிமம் வணிகப் பயனை அனுமதிக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

சந்தா வசூலிப்பவர் ஏலத் தேதியை விலைக்குப் பக்கத்திலேயே போடட்டும். பழைய விலையை இன்றைய விலையென்று நம்பிச் சரக்கை விற்றால், நஷ்டம் விவசாயிக்குத்தான்.