காவிரியில் தூண்டில் நிலவரம்: தகவல் மூலங்கள் பற்றிய ஓர் ஆய்வு

மேட்டூருக்கும் கல்லணைக்கும் இடையே ஓடும் காவிரியில் தண்ணீருக்கு நிலவரம் உண்டு; மீனுக்குக் கிடையாது. இத்துறையின் அடிப்படைச் சிக்கல் அதுதான். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை என்று நாளிதழ்கள் அன்றாடம் அச்சிடுகின்றன. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. புள்ளி நான்கு ஏழைக்கூட விட்டுவைக்காத கணக்கு, உள்ளே ஒரு கெளுத்தி கிடக்கிறதா என்பதில் மட்டும் வாய் திறப்பதில்லை.

மீன்பிடிப்பைப் பற்றி அரசு தானாகப் பேசும் சமயம் ஒன்று உண்டு. வெள்ளம் வரும்போது, ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ மீன் பிடிக்கவோ செல்பி எடுக்கவோ கூடாது என்று கரையோர ஊர்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிப்பார்கள். ஆக, தூண்டில்காரருக்குக் கிடைக்கும் அதிகாரபூர்வ மீன் நிலவரம் ‘கூடாது’ என்ற ஒரே சொல். அதை மீறக் கூடாது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

நாளிதழை வாசிப்பதற்கும் முறை இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையை எட்ட ஏறக்குறைய மூன்று நாளாகும். குறுவைக்கு வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், கல்லணையில் நுரை தெரிய 15 அல்லது 16 ஆகிவிடும். ஆகவே கல்லணையில் தூண்டில் போடுபவருக்கு இன்றைய தாள் பயன்படாது. மூன்று நாள் பழைய தாள்தான் இன்றைய நிலவரம். அது பெரும்பாலும் டீக்கடையில் வடை மடித்துத் தரப்படும் நிலையில் கிடைக்கும். எண்ணெய் ஊறிய இடத்தில் கனஅடி இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வாய்மொழி மூலம். கரையில் உட்கார்ந்திருப்பவரிடம் “ஏதாச்சும் மாட்டுச்சாண்ணே?” என்று கேட்டால், “எங்க தம்பி, விடியக்காலைலேர்ந்து உக்காந்திருக்கேன், ஒண்ணும் சிக்கல” என்றே பதில் வரும். பையில் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசகம் மாறாது என்பதால் சொல்லைத் தள்ளிவிட்டு ஆளைக் கவனிப்பதே முறை. மீன் சிக்காதவர் அரை மணிக்கொரு தரம் இடம் மாற்றுவார். விடியலிலிருந்து அதே கல்லில் இருப்பவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறார். அவருடைய கொட்டாங்குச்சியையும் எட்டிப் பார்க்கலாம். மண்புழு நெளிந்தால் கெளுத்தி அல்லது ஆரால். மைதா உருண்டை இருந்தால் கெண்டை, ஜிலேபி. சின்னத் தவளை இருந்தால் விரால். வாய் மறைத்ததை இரை சொல்லிவிடும்.

பறவைகள் பொய் சொல்வதில்லை. ஆனால் காலம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். இறக்கையை விரித்து வெயிலில் காயும் நீர்க்காகம் இறந்தகாலம்: மீன் இருந்தது, அது முங்கித் தின்றும் ஆயிற்று. ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு எதிர்காலம், வெறும் நம்பிக்கை. நிகழ்காலத்துக்கு மீன்கொத்தி ஒன்றே ஆதாரம். மூன்றும் விரல் நீள மீனுக்கு மேல் அக்கறை காட்டாதது இம்மூலத்தின் குறை.

அணைப் பூங்கா அருகே வறுவல் கடைத் தட்டை ஆதாரமாகக் கொள்வது ஆபத்து. அதில் கிடக்கும் கட்லா ஆந்திரக் குளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து, காவிரியை முதன்முதலாகக் கடை வாசலிலிருந்து பார்த்ததாக இருக்கலாம்.

அறிக்கையே தேவைப்படாத நாளும் உண்டு. மேட்டூர் 120 அடி நிறைந்து, உபரிநீர் போகும் பதினாறு கண் மதகை மூடியதும், கீழே பாறைக் குட்டைகளில் மீன் மாட்டிக்கொள்ளும். அன்றைக்குத் தெருவில் அண்டாவோடு ஓடுகிறவர்களைப் பின்தொடர்ந்தால் போதும். சில நாளில் குட்டை வற்றி, மிஞ்சிய மீன் மூச்சுக்காற்று போதாமல் செத்து மிதக்கும். அந்த நிலவரம் மூக்கு வழியாக வந்து சேரும்.