சக்கரம் மாற்றியபின் விளக்கணைத்தல்: ஒரு பிரமாண விசாரம்

நம் முன்னோர் கூர்ந்து நோக்காமல் விட்ட விஷயம் உலகில் மிகச் சொற்பம். பல்லி விழுந்த அங்கத்துக்குப் பலனும், தும்மலுக்குச் சகுனமும், வாசற்படி எத்திசை நோக்கினால் குடித்தனம் விளங்கும் என்பதற்கு மனையடி சாஸ்திரமும் எழுதிவைத்த அவர்கள், மோட்டார் வண்டியின் சக்கரங்கள் நான்கையும் கழற்றி வேறு நான்கை மாட்டியபின் ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேரே எரியத் தொடங்கும் அந்தச் சிறு மஞ்சள் விளக்கைச் சாந்தி செய்வது எவ்விதம் என்பது பற்றி மாத்திரம் ஒரு சூத்திரமும் இயற்றாமல் போய்விட்டார்கள். அவர்கள் காலத்தில் மோட்டார் இல்லையே என்று சிலர் பரிந்துபேசக்கூடும். காற்று இருந்தது, சக்கரம் இருந்தது, ஐயம் இருந்தது. மனமிருந்தால் செய்திருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். அக்குறையை இயன்ற அளவு நிவர்த்தி செய்யும் பொருட்டே இவ்வாராய்ச்சி எழுந்தது.

ஆராய்ச்சிக் களம் ஆனைகட்டி. கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறி வந்தால் தமிழ்நாடு முடிகிற இடம் இது. பாலத்தைத் தாண்டினால் பாலக்காட்டு ஜில்லாவின் அட்டப்பாடி. பஞ்சர் கடையின் அடையாளமாக மரத்தில் தொங்கும் பழைய டயரில் இக்கரையில் தமிழிலும் அக்கரையில் மலையாளத்திலும் எழுதியிருக்கிறார்களே தவிர, உள்ளே அடைக்கிற காற்று ஒன்றுதான். அதற்குச் சோதனைச் சாவடி கிடையாது. பறவைகளை ஆராயும் சலீம் அலி மையமும், வேதாந்தம் போதிக்கும் ஆர்ஷ வித்யா குருகுலமும் தொண்ணூறுகளிலிருந்து இவ்வூரை ஞானபூமியாக்கி வருகின்றன. மூன்றாவது ஞானபீடமாக நான் கருதுவது ஒரு பஞ்சர் கடையை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பனி பெய்யாத நாட்டில் ஒருவன் இரண்டு ஜதை சக்கரம் வைத்திருப்பானேன் என்று வாசகர் வினவுவது நியாயமே. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் காரோட்டுவது சட்டவிரோதமாகையால், மொன்றியலில் குடியேறிய நம் தமிழர்கள் ஆண்டுக்கு இருமுறை சக்கரம் மாற்றுவதை ஆடிப்பெருக்கு, தைப்பொங்கல் போன்ற ஒரு நியமமாகவே அனுஷ்டிக்கிறார்கள். என் காரணம் வேறு. அட்டப்பாடியின் கிழக்குப் பாகம் மழைமறைவு. மேற்கே அகளியைத் தாண்டி முக்காலியை நெருங்க நெருங்கத் தென்மேற்குப் பருவமழை சேற்றையும் சருகையும் ரோட்டில் கொட்டிவைக்கும். அப்பக்கம் எனக்கு அடிக்கடி ஜோலி உண்டு. ஆகவே கோடைக்கு அலாய் சக்கரங்களும், மழைக்கு ஆழமான பட்டன் வெட்டிய டயர் பூட்டிய பழைய இரும்பு ரிம்களுமாக இரண்டு ஜதை வைத்து, ஆனியில் ஒன்றும் ஐப்பசியில் மற்றொன்றுமாக மாட்டி வருகிறேன். இது வீண் செலவு என்பது வீட்டில் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட சித்தாந்தம்; மறு ஆராய்ச்சிக்கு இடமில்லை.

விளக்கின் ஸ்வரூபத்தை முதலில் நிர்ணயிப்போம். அடி தட்டையாய், பக்கங்கள் புடைத்து, வாய் திறந்த ஒரு பாத்திரம். அதனுள் ஓர் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டிய தோற்றம் இது என்பது வண்டி செய்தவர்களின் கொள்கை. குதிரை லாடம் என்பாரும் உளர். முதல்முறை அது எரிந்தபோது என் மனைவி, "ஏனுங்க, இதென்னங்க பொங்கப் பானையாட்டம்?" என்று கேட்டாள். மூன்றனுள் இதுவே சாலப் பொருந்துவது. பால் பொங்குமுன் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

இனி, டயரில் காற்றுக் குறைந்ததை வண்டி அறிவது எங்ஙனம்? அறிவு பெறும் வாயில்களைப் பிரமாணம் என்பார்கள். சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்றை ஒப்புவர். நையாயிகர் உவமானத்தையும் கூட்டி நான்கு என்பர். அத்வைத வேதாந்திகள் ஆறு வரை செல்வர். மோட்டார் உலகம் இவற்றுள் முதலிரண்டைக் கைக்கொண்டு, அவற்றின் பேரால் இரண்டு மதங்களாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவது பிரத்தியட்ச மதம். இதன்படி ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வின் அடியில், கட்டைவிரல் அளவில் ஒரு கருவி அமர்ந்து காற்றின் அழுத்தத்தை நேரில் அளந்து, தன் அடையாள எண்ணையும் சேர்த்து ரேடியோ அலையில் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் அந்த அலை ஏறத்தாழ 433 மெகாஹெர்ட்ஸ். வலசைப் பறவையின் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி, பிறகு எங்கே பிடிபட்டாலும் இன்ன பறவை என்று கண்டுகொள்ளும் முறையைச் சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1959இல் பெரிய அளவில் தொடங்கினார்களே, கிட்டத்தட்ட அதே யுக்திதான். வண்டிக்குத் தன் நான்கு பறவைகளின் எண்தான் தெரியும். வேறு ஜதையைப் பூட்டினால் புதிய நான்கு எண்கள் ஆகாயத்தில் கூவும். இவை யார் வீட்டுப் பறவைகள் என்று அறியாமல் வண்டி திகைக்கும். அந்தத் திகைப்பை விளக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் கண்சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்து தெரிவிக்கும். எடுத்த எடுப்பில் நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. சிமிட்டிவிட்டு எரிந்தால், "எனக்கே தெரியவில்லை" என்ற வாக்குமூலம். தனக்குத் தெரியவில்லை என்பதைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முறை வைத்திருக்கும் ஜீவன் பூலோகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பண்டித சபைகளில் நான் இதைக் கண்டதில்லை.

பரிகாரம் வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகள் சற்று நேரம் ஓடியதும் புதிய எண்களைத் தாமாகவே மனனம் செய்துகொள்ளும். சிலவற்றுக்கு, சக்கரம் சக்கரமாகக் குந்தி, வால்வினருகே ஒரு கருவியை நீட்டி, "எழுந்து பேர் சொல்" என்று ஒவ்வொன்றையும் உசுப்ப வேண்டும். ஏனென்றால் ஐந்து முதல் பத்து வருஷம் வரை தாங்க வேண்டிய மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பொருட்டு, சக்கரம் சுழலாதபோது இவை கும்பகர்ணனாய் உறங்கும் இயல்பின. மொன்றியலில் இருக்கும் என் தம்பி மகன் இதற்கு ஓர் உபாயம் கண்டான். முதல் ஜதையின் எண்களையே இரண்டாவது ஜதைக் கருவிகளிலும் எழுதுவித்துவிட்டான். வண்டிக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. கௌதம முனிவரின் ஆசிரமத்தில் இந்திரன் செய்த காரியத்துக்கும் இதற்கும் தத்துவ ரீதியில் பேதமில்லை என்று அவனுக்கு எழுதினேன். பெரியப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது அனுமான மதம். என் வண்டி இம்மதத்தைச் சார்ந்தது. சக்கரத்தின் உள்ளே எதுவுமில்லை. சடுதியில் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருட்டு அச்சருகே ஏற்கெனவே சுழற்சியை எண்ணிக்கொண்டிருக்கும் கருவி ஒன்றுண்டு. அதன் கணக்கைக் கொண்டே காற்றை ஊகிப்பது இதன் முறை. காற்றுக் குறைந்தால் டயர் சற்றே அமுங்கும். அமுங்கினால் அச்சுக்கும் தரைக்கும் உள்ள தூரம் சுருங்கும். சுருங்கினால் அதே தூரத்தைக் கடக்க அதிகம் சுற்ற வேண்டும். கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுழலும் சக்கரம் தன் தோழர்களைவிட ஓரிரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினால் அதுவே ஏது. மலையில் புகை கண்டு நெருப்பை உய்த்துணரும் பழைய தருக்கம் இதுதான். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகள் நடந்த காலத்தில் இவ்வனுமானம் நாள்தோறும் கண்ணெதிரே நிரூபணமாகிக்கொண்டிருந்தது. 2021இல் அவை மூடப்பட்டபின் அங்கே புகைபோலத் தெரிவது பெரும்பாலும் பனி. பனியைப் புகையென மயங்குவது ஏதுப்போலி. அலாயைக் கழற்றிவிட்டுச் சுற்றளவு வேறான பட்டன் டயரை மாட்டியதும் என் வண்டி மயங்கியது இவ்வகை மயக்கமே.

இதற்கு விதிக்கப்பட்ட பரிகாரத்தை ஜனங்கள் 'ரீசெட்' என்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு பட்டன்; விளக்கு இருமுறை சிமிட்டும் வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். எளிமையான இக்கிரியையின் தாத்பரியத்தை உலகம் இதுகாறும் அறியாதிருப்பதே இக்கட்டுரைக்கு ஹேது. பட்டன் காற்றை அளப்பதில்லை, அடைப்பதுமில்லை. "இக்கணத்தில் என் நான்கு டயர்களிலும் உள்ள காற்றே சரியான காற்று; இதுவரை அறிந்ததையெல்லாம் மறந்து, இனி இதையே அளவுகோலாகக் கொள்வாயாக" என்று உரிமையாளர் தம் வண்டியின் முன் செய்கிற சங்கல்பம் அது. அனுமானத்தின் அடியில் சப்தப் பிரமாணம், அதாவது ஆப்தர் வாக்கு, ஒளிந்திருக்கிறது. ஆப்தர் யார் என்றால், பட்டனை அழுத்துகிறவர். அவர் அளந்து பார்த்தாரா என்று வண்டி விசாரிக்காது.

இச்சங்கல்பத்தைச் சென்ற ஆனி மாதம் நான் செய்தேன். ஜாக்கி வைத்து, வேர்க்க விறுவிறுக்கச் சக்கரம் மாற்றி, மறுநாள் விளக்கெரியக் கண்டு, பட்டனை அழுத்தினேன், பானை மறைந்தது. மூன்று வாரம் நிம்மதியாக அகளிக்கும் முக்காலிக்கும் போய் வந்தேன். ஸ்டீயரிங் கொஞ்சம் கனத்தாற்போல் இருந்ததை வயோதிகத்தின்மேல் ஏற்றினேன்.

மேற்சொன்ன பஞ்சர் கடையருகே ஒரு காலை டீ குடிக்க நிறுத்தியபோது, கடைக்காரர் வந்து முன்சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்தார். பிறகு ஓர் இரும்புக் கம்பியை எடுத்து நான்கையும் தட்டினார். லாரிக் கிளீனர்கள் இரவில் வண்டியைச் சுற்றிவந்து செய்கிற காரியம். நல்ல டயரின் ஓசையை மனத்தில் வைத்து இந்த டயரின் ஓசையை ஒப்பிடுவதால் இது உவமானப் பிரமாணம் எனத் தகும்.

"காத்துப் புடிச்சீங்களா சார், இல்ல பட்டன மட்டும் அமுக்குனீங்களா?" என்றார்.

"விளக்கு எரியவில்லையே" என்றேன்.

"லைட்டுக்கு என்னங்க தெரியும்? நீங்க சொன்னதத்தான அது சொல்லுது."

பித்தளையில் பேனாபோன்ற ஒரு காற்றளவியைப் பையிலிருந்து எடுத்து, வால்வு மூடிகளை உள்ளங்கையில் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். 25, 26, 24, 25. இருக்க வேண்டியது 33. ஐப்பசியில் கழற்றிக் கொட்டகைச் சுவரோரம் அடுக்கிய ஜதை எட்டு மாதம் சும்மா கிடந்தது. பழுதில்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு புள்ளியோ அதற்கு மேலோ காற்றுக் கசிவது இயற்கை. எட்டு மாதத்துக்கு எட்டு. கணக்கு அட்சரசுத்தமாகப் பொருந்தியது. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாய் இளைத்திருந்தமையால் தம்முள் ஒப்பிட்டு ஐயுறவும் வண்டிக்கு வழியில்லை. அந்த இளைப்பையே பூரண ஆரோக்கியம் என்று நான் வேறு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதன்பின் விளக்கு எரிய வேண்டுமானால் இருபதுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இவ்விடத்தில் சரித்திரத்தையும் சற்றுத் தொட்டுச் செல்வது மரபு. காற்றடைத்த டயரை 1888இல் பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த டன்லப், தொழிலால் கால்நடை வைத்தியர். காற்றுக் குறைவை வண்டியே சொல்லும் ஏற்பாடு 1986இல் போர்ஷே 959இல் வந்தது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெடித்துப் பல உயிர்கள் மாண்டபின் அமெரிக்கா 2000இல் சட்டம் இயற்றி, விதித்த அழுத்தத்தில் கால்பங்கு குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும் என்று பின்னர் கட்டாயமாக்கியது. நம் சர்க்கார் 2020இல், இவ்விளக்கும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள சிறுவண்டிக்கு ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தியது. ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெத்லி என்னும் ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்து விற்றவர்களின் கடை அத்தெருவில் இருந்தது. ஆங்கிலேயர் மறந்த அச்சொல்லை நாம் இன்றும் டிக்கியில் சுமந்து திரிகிறோம்.

கடைக்காரர் நான்கிலும் 33 அடைத்தார். நான் பட்டனை மறுபடியும் அழுத்தினேன். இம்முறை மெய்யான சங்கல்பம். ஆனால் அழுத்தியவுடன் வண்டிக்கு ஞானம் சித்தித்துவிடாது. புதிய சுழற்சிக் கணக்கை அது கற்றுக்கொள்ள நேர்ரோட்டில், சீரான வேகத்தில், அரைமணி நேரமாவது ஓட வேண்டும். ஆனைகட்டியைச் சுற்றி அப்படி ஒரு ரோடு இல்லை. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்றும். அது காற்றின் குற்றமன்று, மலையின் குற்றம். ஆகவே தடாகம் வரை இறங்கிப் போய் ஓட்டிவிட்டு வருவதென்று தீர்மானித்து, காசு கொடுக்கப் பையைத் துழாவினேன்.

அதற்குள் அவர் டிக்கியைத் திறந்து, கோணிப்பையையும் குடையையும் ஒதுக்கி, அடியிலிருந்த ஸ்டெப்னியைக் கம்பியால் தட்டினார். பொத்தென்று ஓர் ஓசை. வால்வில் பேனாவை வைத்தார். குச்சி வெளியே வரவேயில்லை. அந்தச் சக்கரத்தினுள் கருவி இல்லை, அது சுற்றுவதுமில்லை. காண்டல், கருதல், உரை மூன்றும் ஐந்து வருஷமாக அதன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"இதுக்கு எந்தப் பட்டனுங்க சார் அமுக்கோணும்?" என்று அவர் மெய்யாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்.